ஏற்காடு ஏறும் 1 லிட்டர் இன்ஜின்: கே10பி-யின் அளவுகளும் வழக்கமான கோளாறுகளும்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலத்துக்குள் ஐந்து ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் ஆறு மாதம் ஓட்டினாலும் தெரியாத கோளாறு, இந்த வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் வெளியே வந்துவிடும். சின்னக் கார் வைத்திருப்பவர்கள் மலையிலிருந்து இறங்கியதும் ஒர்க்‌ஷாப்பில் சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: "வண்டி இழுக்கலை." அந்த ஒரு வார்த்தைக்குள் ஏழெட்டு வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். அவற்றைப் பிரித்தறியாமல் இன்ஜினைப் பிரிப்பதுதான் செலவை இழுத்துவிடுகிறது.

இங்கே எழுதுவது மாருதி சுசுகியின் கே10பி இன்ஜினைப் பற்றி. 2008-ல் ஏ-ஸ்டாரில் வந்தது. 2009-ல் எஸ்டிலோ, 2010-ல் வேகன்-ஆரும் ஆல்ட்டோ கே10-உம், 2014-ல் செலேரியோ என்று அதன் பிறகு பரவியது. சேலம் சுற்றுவட்டாரத்தில் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும் சின்னக் கார்களில் இந்த இன்ஜின் ஏராளம். 2021-ல் புது செலேரியோவோடு வந்தது கே10சி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) இரண்டும் அதேதான், ஆனால் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் வைத்த வேறு இன்ஜின். பார்ட்ஸ் வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 998 சிசி, மூன்று சிலிண்டர். போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 79.5 மில்லிமீட்டர். சிலிண்டருக்கு நான்கு வால்வு வீதம் பன்னிரண்டு, மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். கம்ப்ரெஷன் விகிதம் 10-க்கு 1. பவர் 6,200 ஆர்பிஎம்மில் 68 பிஎஸ், டார்க் 3,500 ஆர்பிஎம்மில் 90 நியூட்டன் மீட்டர். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதன் மேல் வால்வுகளோடு உட்காரும் ஹெட் இரண்டுமே அலுமினியம். ஆல்ட்டோவின் 796 சிசி இன்ஜினில் இருந்த டைமிங் பெல்ட் இதில் கிடையாது, செயின்தான். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி இக்னிஷன் காயில். வால்வுக்கு மேலே ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் இல்லை; சாதாரண டேப்பெட், கேம் நேராக அதை அழுத்தும்.

இந்த எண்களில் மலைக்கு முக்கியமானது ஒன்றே ஒன்று: 3,500. முழு இழுவை அங்கேதான் இருக்கிறது. வளைவில் வேகம் குறைந்து இன்ஜின் 1,500-க்கு இறங்கிய பிறகும் மூன்றாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால், இழுக்கச் சொல்லும் இடத்தில் இழுக்கும் சக்தியே இல்லை. இன்ஜின் "டக் டக்" என்று தட்டும். 10-க்கு 1 கம்ப்ரெஷனில், சூடேறிய சிலிண்டரில், குறைந்த சுற்றில் முழு த்ராட்டில் கொடுத்தால் தீப்பொறி மூட்டிய தீ பரவி முடிப்பதற்குள், மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்வதுதான் அந்தத் தட்டல். நாக் சென்சார் அதைக் கேட்டுத் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். தட்டல் அடங்கும், கூடவே இழுவையும் போகும். வளைவுக்கு முன்பே இரண்டுக்கு மாற்றி, 2,500-லிருந்து 4,000-க்குள் வைத்து ஏறுங்கள். செங்குத்தான உள்வளைவில் ஒன்றாம் கியருக்குப் போவது தவறே இல்லை. சத்தம் கூடுகிறதே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இந்த இன்ஜினுக்கு 4,000 சுற்று எளிய வேலை. 1,500-ல் முழு மிதிதான் அதற்குச் சித்திரவதை.

அடுத்தது உயரம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டி. டர்போ இல்லாத இன்ஜின் நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் சக்தி இழக்கும். அப்படியானால் மேலே போய்ச் சேரும்போது 68 பிஎஸ் 58-ஐ ஒட்டி வந்து நிற்கும். மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் காற்று குறைவதைப் பார்த்து பெட்ரோலையும் குறைத்துவிடுவதால், பழைய கார்புரேட்டர் வண்டி போலக் கரும்புகை வராது. ஆனால் இல்லாத காற்றை எந்தச் சென்சாரும் கொண்டுவர முடியாது. இதோடு ஏசி கம்ப்ரெசரும் தன் பங்குக்கு இரண்டு மூன்று குதிரைத்திறனைப் பிடுங்கிக்கொள்ளும். ஐந்து பேர் உட்கார்ந்த ஆல்ட்டோ மேல் வளைவுகளில் ஏசியோடு திணறினால் அது கோளாறு கிடையாது.

மைலேஜ் விழுவதும் அப்படித்தான். ஆட்களோடு 1,200 கிலோ இருக்கும் வண்டியை 1,240 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 14.6 மெகாஜூல் வேலை செய்ய வேண்டும். இன்ஜின் பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், உயரத்துக்கு மட்டுமே ஒன்றே முக்கால் லிட்டர் போய்விடும். ஓடிய தூரத்துக்கான பெட்ரோல் தனி. ஏற்காடு போய்வந்த டேங்க் கணக்கை வைத்து "மைலேஜ் இறங்கிடுச்சு, இன்ஜெக்டர் கிளீன் பண்ணணும்" என்று முடிவெடுக்க வேண்டாம். சேலம், நாமக்கல் என்று சமதளத்தில் ஓடிய ஒரு முழு டேங்க் கணக்கைப் பாருங்கள்.

சூடு: இந்த இன்ஜினைக் கொல்வது இதுதான்

கே10பி-யில் பெரிய செலவு வரும் இடங்களை எண்ணிப் பார்த்தால் முதலில் நிற்பது ஓவர்ஹீட்தான். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால் ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே ஹெட் வளைந்துவிடும். வார்ப்பிரும்பு பிளாக் வைத்த பழைய வண்டிகள் மூன்று நான்கு முறை கொதித்தும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அந்த நம்பிக்கையில் இதையும் "இன்னும் ரெண்டு வளைவுதானே" என்று ஓட்டக் கூடாது.

சேலத்தில் ஓவர்ஹீட்டின் வேர் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது. கூலன்ட் குறைந்தால் கையில் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நம் ஊர் போர் தண்ணீர் வீட்டில் குக்கருக்குள் வெள்ளைப் படிவு விடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே படிவு இன்ஜினின் தண்ணீர்ப் பாதையிலும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் பிடிக்கும். உலோகத்தைப் போலச் சூட்டைக் கடத்தாத ஒரு தோல் உள்ளே வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வாட்டர் பம்ப் சீலும் உரசித் தேயும். வாட்டர் பம்புக்குக் கீழே பச்சையாகவோ வெள்ளையாகவோ காய்ந்த கோடு தெரிந்தால் சீல் கசிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். சொட்டு சொட்டாக விழும் வரை காத்திருக்க வேண்டாம்.

கூலன்ட் உறைந்து போகாமல் இருக்கத்தானே, சேலத்தில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில். ஒன்று, துருவும் படிவும் பிடிக்காமல் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. இரண்டு, கொதிநிலை. ஏற்காட்டில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சமதளத்தில் 107-ஐ ஒட்டிக் கொதிக்கும், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் இருபது டிகிரிக்கு மேல் கூடும். அந்த மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ரப்பர் வளையம் வெடித்தாலோ இந்தக் கூடுதல் காப்பு முழுக்கப் போய்விடும். கூலன்ட் ரிசர்வ் டேங்க் அடிக்கடி குறைகிறது, எங்கும் கசிவு தெரியவில்லை என்றால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது அந்த மூடியை. மலிவான பொருள்தான், ஆனால் அதே அழுத்த எண் கொண்டதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கூலன்ட் மாற்றுவது இப்படி. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்துங்கள். வடிந்ததை ஒரு அளவுப் பாத்திரத்தில் பிடியுங்கள். வந்தது துருக்கலரில் இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும் வரை இதையே திரும்பச் செய்யலாம். பிறகு ரெடிமிக்ஸ் கூலன்ட் என்றால் அப்படியே, கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால், கழுவியிருந்தால் கான்சன்ட்ரேட்டைச் சற்றுக் கூட்டிப் போடுவது நல்லது. டிஸ்டில்டு வாட்டரைப் பேட்டரிக் கடையில் வாங்கும்போது கேன் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள், ஆசிட் கேனும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

ஊற்றுவதைவிட முக்கியம் காற்றை வெளியேற்றுவது. மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டர் நாபை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழ் வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே வாருங்கள். ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ் இரண்டும் சூடாகி, ஃபேன் ஒருமுறை போட்டு நிற்கும் வரை இது நடக்க வேண்டும். பிறகு மூடியைப் போட்டு, மறுநாள் காலையில் மட்டம் பார்த்து நிரப்புங்கள். காற்றுப் பை உள்ளே மாட்டிக்கொண்டால் முதல் மலை ஏற்றத்திலேயே சூடு ஏறும், புதுக் கூலன்ட் போட்டும் ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டி வரும்.

இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் ஒரு ஹோஸ் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், மற்றது சில்லென்று இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்லும் ஆட்களை நம்ப வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேலைச் சூட்டை எட்டாமல், கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை அடித்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் நீர்த்துப் போகும்.

ரேடியேட்டரின் முகத்தையும் பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள விரலளவு இடைவெளியில் இலைத்துகள், பூச்சி, மேக்னசைட் சுரங்கப் பக்கம் ஓடும் வண்டிகளில் வெள்ளைப் புழுதி எல்லாம் சேர்ந்து கம்பளி போல அடைந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் மட்டும்தான் தெரியும், சுத்தமாகவே தெரியும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்ட வைத்து அடித்தால் ஃபின் எல்லாம் மடங்கிவிடும்.

மலையில் இன்ஜின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, முள் இருக்கும் வண்டியில் முள் ஏறினாலோ: ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள், பாதுகாப்பான அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டுங்கள். ஆவி வரவில்லை, ஃபேன் சுற்றுகிறது என்றால் ஐடிலில் விட்டு இறங்குகிறதா பாருங்கள். ஆவி வந்தாலோ, ஃபேன் சுற்றவில்லை என்றாலோ உடனே அணைத்துவிடுங்கள். மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் தொடவே கூடாது. சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும், காலியான ரேடியேட்டருக்குள் குளிர்ந்த நீரை விடுவதும் வளையாத ஹெட்டையும் வளைத்துவிடும்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று அறியச் சில அடையாளங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் போல இறுகுவது, ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழ், இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் நிற்காத வெள்ளை ஆவியும் லேசான இனிப்பு வாசனையும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல வெளுத்த பசை இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். இதில் மட்டும் ஒரு நிதானம் வேண்டும். ஏற்காட்டிலேயே குடியிருந்து, பனிக்காலத்தில் கடைவீதிக்கும் எஸ்டேட்டுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில் அந்தப் பசை இயல்பாகவே வரும். இன்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே ஊறும் ஈரம்தான் அது. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து மூடியில் மட்டும் பசை என்றால், ஒருமுறை சேலம் இறங்கி ஏறிவிட்டுப் பாருங்கள். டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்தாற்போல வந்தால்தான் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

கழற்றினால் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் என்று எல்லாத் திசையிலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே லேத்துக்கு அனுப்ப வேண்டும். பிளாக்கின் மேல் முகத்தையும் இதே போல அளக்காமல் புதுக் கேஸ்கெட்டைப் போடுவது வீண் வேலை. போல்ட்டைக் கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு, இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்சோடு, படிப்படியாக.

ஆயிலும் செயினும்

ஃபில்டரோடு சேர்த்து மாற்றினாலும் இதற்கு மூன்று லிட்டர் முழுசாகத் தேவைப்படாது. அளவு அவ்வளவு சிறியது என்பதால் அரை லிட்டர் குறைந்தாலே ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. கொண்டை ஊசி வளைவில் ஆயில், அது தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் ஒரு பக்கமாகச் சாயும். மட்டம் குறைவாக இருந்தால் உறிஞ்சும் வாய் ஒரு கணம் காற்றைக் குடிக்கும், அப்போது ஆயில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணையும். வளைவில் மட்டும் எரிகிறது, நேரானதும் அணைந்துவிடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். சாய்ந்த ரோட்டில் நின்று பார்த்தால் மட்டம் பொய் சொல்லும். சமமான இடம் அவசியம்.

5டபிள்யூ-30 இதற்குப் பொருத்தம். கெட்டியான 20டபிள்யூ-50 போட்டால் சத்தம் குறையும் என்று ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். காலை ஸ்டார்ட்டில் அந்த ஆயில் மேலே கேம்ஷாஃப்ட் வரை ஏற நேரமாகும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் நீள்கிறது. அழுத்தம் வரும் வரை செயின் தளர்ந்து அடிக்கும். கம்பெனி சொல்வது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அது. மலையிலேயே ஓடும் வண்டிக்கும், தினமும் ஐந்து கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டிக்கும் 7,000-த்திலேயே மாற்றுவதுதான் என் கணக்கு.

செயினுக்கு ஆயுள் முழுக்கப் பராமரிப்பு வேண்டாம் என்று சொல்வது ஆயில் சரியாக மாற்றிய வண்டிக்கு மட்டும் பொருந்தும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒரு விநாடி "கரகர" என்று வந்து அடங்கினால் பரவாயில்லை. மூன்று நான்கு விநாடி நீடித்தாலோ, சூடான பிறகும் வலது பக்க மூடிக்குள் சங்கிலி உரசும் சத்தம் கேட்டாலோ டென்ஷனரும் கைடும் தேய்ந்திருக்கும். செயின் நீண்டுவிட்டால் ஸ்கேனரில் கேம், கிராங்க் ஒத்துப்போகவில்லை என்ற பி0016 வரலாம். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. பல் தாண்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதும் நிலைக்குப் போகும். மாற்றும்போது செயினை மட்டும் மாற்றக் கூடாது. டென்ஷனர், இரண்டு கைடு, தேய்ந்திருந்தால் ஸ்பிராக்கெட், முன் ஆயில் சீல் எல்லாம் ஒரே வேலையில் முடிய வேண்டும்.

மிஸ்ஸிங்

மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும், வண்டி முழுக்க உதறும். நல்ல வேளையாக, கண்டுபிடிப்பது இதில் மிக எளிது. ஸ்கேனரில் பி0301, பி0302, பி0303 என்று வரும். கடைசி எண்தான் சிலிண்டர். செயின் இருக்கும் பக்கம் ஒன்று. பி0302 என்றால் இரண்டாவதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதன் காயிலை இரண்டில். பத்து நம்பர் ஸ்பேனர் போதும். சாவியை அணைத்து, கனெக்டரின் பூட்டை அழுத்தித்தான் இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே பின் கழன்று புதுக் கோளாறு சேரும். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான், தயங்காமல் அதை மட்டும் மாற்றலாம். பி0302-விலேயே நின்றால் இதே முறையில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் இன்ஜெக்டர், அதற்கும் பிறகு கம்ப்ரெஷன். கம்ப்ரெஷன் அழுத்தத்தில் மூன்றும் ஒன்றுக்கொன்று சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது.

காயிலை இழுக்கும்போது அதன் ரப்பர்க் குழாயின் நுனியைப் பாருங்கள். ஆயில் பூசியிருந்தால் டேப்பெட் கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழிக்குள் இறங்குகிறது. ரப்பர் ஊறி, மின்சாரம் பக்கவாட்டில் ஓடிவிடும். அங்கே வெறும் காயிலை மாற்றினால் ஆறு மாதத்தில் அதுவும் போகும். உலர்ந்து, வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடு இருந்தால் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் தண்ணீர் அடித்துக் கழுவியதன் விளைவு. மழை நாளிலும், மேலே மூடுபனிக்குள் நுழைந்த பிறகும் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டியில் இந்த வெள்ளைக் கோட்டைத்தான் முதலில் தேட வேண்டும்.

பிளக்கைக் கழற்றும் முன் குழியில் உள்ள மண்ணைக் காற்றடித்து எடுத்துவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு வந்துவிடும் அபாயம் உண்டு. புதுப் பிளக்கைக் கையால் கடைசி வரை திருகிய பிறகே ரெஞ்ச். இடைவெளி 1 மில்லிமீட்டர்.

இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். அதோடு மலையேறினால் கன்வர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வண்டி நிஜமாகவே இழுக்காது.

ஐடிலில் சுற்று ஏறி இறங்குவது, சிக்னலில் ஆஃப் ஆவது எல்லாம் பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் பிடித்த கரி. தகட்டின் விளிம்பில் கறுப்பு வளையமாகத் தெரியும். த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தாலே போதும். கேபிள் த்ராட்டில் வண்டியில் ஐடில் வால்வின் துளையையும் சுத்தம் செய்ய வேண்டும். மோட்டாரால் இயங்கும் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். முடிந்ததும் ஃபேன் இரண்டு முறை ஓடும் வரை ஐடிலில் விட்டால் சுற்று 800-ஐ ஒட்டி நிலைக்கும். நிலைக்கவில்லை, எங்கோ "ஸ்ஸ்" என்று கேட்கிறது என்றால் இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி ஹோஸோ மேனிஃபோல்டு கேஸ்கெட்டோ காற்று இழுக்கிறது.

உதறலைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று சிலிண்டர் இன்ஜின் முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடும் இயல்புடையது, இதில் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. ஏசி போட்டதும் ஸ்டியரிங் லேசாக நடுங்குவது பிறவிக் குணம். கிளட்ச் விடும்போது "டொக்" என்று இடித்தாலோ, ரிவர்ஸில் டேஷ்போர்டு முழுக்க அதிர்ந்தாலோ இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் போயிருக்கும். பானட்டைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்தபடி ஒன்றாம் கியரில் கிளட்சை லேசாகப் பிடிக்கவிட்டு உடனே மிதிக்கச் சொல்லுங்கள். வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள்; இன்ஜின் துள்ளினால் ரப்பர் கிழிந்துவிட்டது.

ஆக்சிலரேட்டர் மிதித்தால் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள், அது கிளட்ச். வளைவில் அரைக் கிளட்சில் நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் 30,000 கிலோமீட்டரில் பிளேட்டைத் தின்றுவிடும். ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது.

இப்போது பம்ப்பில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் 10 சதவீதக் கலவை இருந்தபோது கிடைத்ததைவிட மூன்று நான்கு சதவீதம் மைலேஜ் குறைவது கணக்குப்படி சரியே. பழைய வண்டிகளில் கவனிக்க வேண்டியது ரப்பர் ஹோஸும் டேங்கில் சேரும் ஈரமும். மாதக் கணக்கில் அரை டேங்கோடு நிற்கும் எஸ்டேட் வண்டி என்றால் நிறுத்தும் முன் டேங்கை நிரப்பிவிடுங்கள், காற்றுக்கு இடம் இருந்தால்தான் ஈரம் சேரும். அப்படி நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயரையும் பாருங்கள். ஆக்சிஜன் சென்சார் வயர் கடிபட்டால் பெட்ரோல் அளவு கூடி, பிளக் கரி பிடிக்கும்.

கேஸில் ஓடும் வண்டிக்கு ஒன்று மட்டும்: எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெல்ல உள்வாங்கி, டேப்பெட் இடைவெளி இறுகிக்கொண்டே வரும். ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் இல்லாததால் அது தானாகச் சரியாகாது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, சூடானதும் சரியாகிவிடும் கேஸ் வண்டியில் பிளக்கை மாற்றிக்கொண்டே இருக்காமல் டேப்பெட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக இறக்கம். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் முழுக்க மூடிக்கொள்ளும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஐடிலுக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், பிரேக்கும் காய்ந்து கருகும். ஏறிய அதே இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

அந்த இறக்கமே ஒரு நல்ல சோதனையும்கூட. செகண்ட் ஹேண்டில் கே10 வாங்க நினைப்பவர்கள் முடிந்தால் வண்டியை ஏற்காடு வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இருபது வளைவும் த்ராட்டில் மூடியே இறங்கும்போது சிலிண்டருக்குள் கடும் வெற்றிடம் உண்டாகும், அது வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். அடிவாரம் வந்து ரோடு சமமானதும் இரண்டாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் அழுத்திவிட்டுப் பின்கண்ணாடியைப் பாருங்கள். நீலப் புகை ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால் வால்வு ஸ்டெம் சீல் போயிருக்கிறது. பிஸ்டனைத் தொடாமல் மேல் வேலையோடு முடியும். மிதிக்க மிதிக்க விடாமல் வந்துகொண்டே இருந்தால் ரிங் தேய்ந்த இன்ஜின், விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் ஓரம் கட்டி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கையும், ஆறிய பிறகு கூலன்ட் மட்டத்தையும் பார்த்துவிட்டு விலை பேசலாம்.